கணினிக்குள் குடியேற்றம்



பினாங்குத் தீவின் தென்கிழக்கே பாயான் பாரு என்றோர் ஊர் உண்டு. இன்று அது மாடி வீடுகளும் சந்தையும் பள்ளிகளும் நிறைந்த பட்டணம். 1970-க்கு முன்னால் அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் நெல்வயல்களும் கம்பங்களுமே இருந்தன. பக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க இந்தப் புதிய ஊரும் எழுந்தது. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலரும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி அந்தப் பேட்டைக்குச் சென்று வந்தார்கள். அங்கே அவர்கள் கையில் பிடித்து வேலை செய்த பொருள், கணினியின் மூளை என்று சொல்லப்படும் சில்லு.

அந்தச் சில்லின் வரலாற்றுக்கும், இன்று நம் வீட்டுக் கணினியில் நேரும் ஒரு தொல்லைக்கும் நேரான தொடர்பு உண்டு. அதைத்தான் இன்றைய பேச்சில் காணப் போகிறோம்.

தொல்லை இதுதான். பள்ளிப் பாடத்துக்கோ, தமிழில் தட்டெழுதவோ, சிறு கடையின் கணக்கை வைக்கவோ ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றுகிறோம். திரையில் பச்சைக் கோடு ஓடுகிறது. முக்கால் தூரம் போனதும் தயங்கி நிற்கிறது. பிறகு வந்த வழியே திரும்பி ஓடி, ‘பிழை 1603’ என்று சொல்லி முடிந்துவிடுகிறது. பிள்ளை, தான் எதையோ தவறாகத் தொட்டுவிட்டோம் என்று அஞ்சுகிறது. தகப்பனார் கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார். ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்’ என்று சில கடைகளில் சொல்வார்கள். அப்படி அழிப்பதில் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் சேர்ந்தே போய்விடலாம். அவ்வளவு பெரிய இழப்புக்கு அந்தப் பிழை தகுதியானதுதானா? அதன் பிறப்பை அறிந்தால் விடை தெரியும்.

முதலில் பினாங்குக்கு வருவோம். 1786-இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய நாளிலிருந்து, தீர்வையில்லாத் துறைமுகம் என்ற பெயரால் வாழ்ந்த தீவு அது. அந்தத் தகுதி 1969-இல் பறிபோயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதே ஆண்டில் முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, அந்நிய நாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தார். முதலில் வந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்குக்காரர்கள் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வதுண்டு. அவற்றுள் இரண்டின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று இன்டெல், மற்றொன்று ஏ.எம்.டி. இரண்டும் 1972-இல் பினாங்கில் கால் ஊன்றின. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் கட்டிய முதல் தொழிற்சாலையே இங்கேதான் அமைந்தது.

சில்லின் உள்வேலை அமெரிக்காவில் முடிந்துவிடும். அதை உறையில் பொருத்தி, கால்களோடு இணைத்து, சோதித்து அனுப்புவது பினாங்கின் பங்கு. பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணைப் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மங்கில் வடியும் பால் சிந்தாமல் பார்த்துப் பழகிய குடும்பத்துப் பெண்களும் அவர்களிடையே இருந்தார்கள்.

இனிச் சில்லுக்கு வருவோம். சில்லுக்கு அகலம் என்று ஒன்று உண்டு. கண்ணால் காணும் அகலம் அன்று அது. ஒரு மூச்சில் எவ்வளவு பெரிய எண்ணைத் தூக்க முடியும் என்பதுதான் அந்த அகலம். அதைப் ‘பிட்’ என்னும் அளவால் சொல்வார்கள். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்னும் சில்லு 4 பிட் அகலம் உடையது. 1978-இல் வந்த 8086 என்னும் சில்லுக்கு 16 பிட் அகலம். அதன் தம்பியான 8088-ஐத்தான் 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணினியில் பொருத்தியது. 1985-இல் 80386 வந்தது. அதன் அகலம் 32 பிட். பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1985-இல்தான். தீவுக்கு அகலமான சாலை கிடைத்த ஆண்டில் கணினிக்கும் அகலமான சாலை கிடைத்தது எனலாம்.

16 பிட் சில்லு ஒரு மூச்சில் 65,536 வெவ்வேறு எண்களைக் குறிக்கும். 32 பிட் சில்லோ ஏறத்தாழ 429 கோடி எண்களைக் குறிக்கும். முடிவே இல்லாத அளவு அது என்றுதான் அன்று தோன்றியது. ஆனால் நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் வேண்டுமன்றோ? 429 கோடி எண் என்றால் நான்கு கிகாபைட் நினைவகத்தோடு எண்கள் தீர்ந்துவிடும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்த எல்லை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 64 பிட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலை பிறந்தது.

எப்படிப் போவது? இங்கேதான் பாயான் லெப்பாசின் இரு அண்டை வீட்டாரும் வெவ்வேறு வழியில் பிரிந்தார்கள். இன்டெல், ஹியூலெட் பேக்கார்டோடு சேர்ந்து, பழையதிலிருந்து முற்றிலும் மாறுபட்ட இட்டானியம் என்னும் சில்லை 2001-இல் கொண்டுவந்தது. ஏ.எம்.டி. நிறுவனமோ, பழைய வீட்டை இடிக்காமல் மேலே ஒரு மாடி கட்டலாம் என்றது. பழைய 32 பிட் மென்பொருளும் ஓடும், புதிய 64 பிட் மென்பொருளும் ஓடும் என்ற திட்டத்தை 1999-இல் அறிவித்து, 2003-இல் சில்லாகவே வெளியிட்டது. மக்கள் தங்கள் பழைய மென்பொருள்களைக் கைவிட விரும்பவில்லை. அவற்றுக்குக் கொடுத்த பணமும் பழகிய பழக்கமும் வீணாவதை யார்தான் விரும்புவார்? 2004-இல் இன்டெலும் அதே வழிக்கு வந்தது. 2005-இல் மைக்ரோசாப்ட் அந்தச் சில்லுகளுக்கேற்ற 64 பிட் விண்டோஸை வெளியிட்டது. இன்று நம் வீடுகளில் உள்ள விண்டோஸ் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை ஏ.எம்.டி. வகுத்த அந்த மாடி வீட்டு முறையில் அமைந்தவையே.

இந்த உடன்பாட்டால் எல்லோருக்கும் நன்மை விளைந்தது. அதோடு ஒரு சிக்கலும் பிறந்தது. ஒரே கணினிக்குள் இரண்டு குடும்பங்கள் வாழத் தொடங்கின. 32 பிட் மென்பொருள் 64 பிட் துணைக்கோப்பைப் பயன்படுத்த முடியாது. 64 பிட் மென்பொருளும் 32 பிட் துணைக்கோப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே விண்டோஸ் இரண்டு களஞ்சியங்களை வைத்தது. இரண்டு பதிவேடுகளையும் வைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ‘சிஸ்டம்32’ என்று பெயர் எழுதிய களஞ்சியத்தில் 64 பிட் கோப்புகள் இருக்கின்றன. ‘சிஸ்வாவ்64’ என்று பெயர் எழுதியதில் 32 பிட் கோப்புகள் இருக்கின்றன! பெயர் ஏன் தலைகீழாயிற்று? எண்ணற்ற மென்பொருள்கள் சிஸ்டம்32 என்னும் பெயரைத் தங்களுக்குள் எழுதி வைத்திருந்தன. அவற்றை 64 பிட்டுக்கு மாற்றும்போது பெயரை மாற்றும் வேலை இருக்கக்கூடாது என்று அதே பெயரை விட்டுவைத்தார்கள். பழைய 32 பிட் மென்பொருள் சிஸ்டம்32 எங்கே என்று கேட்டால், விண்டோஸ் அதன் காதில் சொல்லாமலேயே மற்றக் களஞ்சியத்துக்குத் திருப்பிவிடும். பதிவேட்டிலும் பெரும்பகுதி இப்படித்தான். கேட்டவனுக்குத் தான் திருப்பிவிடப்பட்டது தெரியாது.

அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நின்ற அனுபவம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும். கிராணி வேறொரு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, ‘இந்தப் பெயரில் ஆளே இல்லை’ என்பார். ஆள் எதிரிலேயே நிற்பார்! கணினிக்குள்ளும் இதே கூத்துதான் நடக்கிறது.

இப்போது நிறுவிகளின் கதைக்கு வரலாம். மென்பொருளைக் கணினிக்குள் குடியேற்றும் சிறு நிரலுக்கு நிறுவி என்று பெயர். கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதும், பதிவேட்டில் பெயர் எழுதுவதும், திரையில் படக்குறி போடுவதும் அதன் வேலைகள்.

1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் நிறுவி எழுதியது. அக்காலத்து மென்பொருள்கள் சிலவற்றில் ஒரு விந்தை உண்டு. மென்பொருள் 32 பிட். அதைக் குடியேற்றும் நிறுவி மட்டும் பழைய 16 பிட். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் அடியோடு ஓடாது. ஆகவே உள்ளே இருக்கும் மென்பொருள் நன்றாக ஓடக்கூடியதாக இருந்தும், வாசலில் அழைத்துப்போகும் ஆள் இல்லாமல் வெளியிலேயே நின்றுபோயிற்று. மைக்ரோசாப்ட் இதை உணர்ந்து, பரவலாக இருந்த சில பழைய நிறுவிகளுக்கு மட்டும் 32 பிட் மாற்றாளை விண்டோஸுக்குள் வைத்தது. மற்றவற்றுக்கு வழி பிறக்கவில்லை.

இந்த ஒழுங்கின்மையைத் தீர்க்க 1999-இல், ஆபிஸ் 2000 தொகுப்போடு, ‘விண்டோஸ் இன்ஸ்டாலர்’ என்னும் பொது நிறுவியை மைக்ரோசாப்ட் கொண்டுவந்தது. அதன் கருத்து அழகானது. மென்பொருள் எழுதுபவர் என்னென்ன எங்கெங்கே போக வேண்டும் என்று அட்டவணையில் எழுதிக் கொடுத்தால் போதும். வேலையை விண்டோஸே செய்யும். நடுவில் தடை ஏற்பட்டால் அதுவரை செய்த ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து, கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயலும். பச்சைக் கோடு வந்த வழியே திரும்பி ஓடுகிறதே, அது இந்தத் திரும்ப எடுக்கும் வேலைதான். ஆகவே பிழை வந்ததும் கணினி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தன்னைக் காத்துக்கொண்டது என்றே பொருள்.

ஆனால் எல்லா வேலையும் அட்டவணைக்குள் அடங்குமா? தோட்டத்துப் பெரட்டில் கங்காணி ஒவ்வொருவருக்கும் நிரை பிரித்துக் கொடுப்பார். பட்டியலில் இல்லாத வேலை ஒன்று வந்தால், யாரையாவது தனியாக அழைத்து ‘நீ போய் அதைப் பார்’ என்பார். விண்டோஸ் இன்ஸ்டாலரிலும் அப்படித் தனியாக ஏவும் வேலை உண்டு. அதை நாம் தனிப்பணி என்று சொல்வோம். உரிமம் சரிபார்ப்பது, தரவுக் களஞ்சியம் அமைப்பது, முன்பு ஏற்றிய பழைய பதிப்பைத் தேடுவது முதலியன தனிப்பணிகள். அட்டவணை வேலையை விண்டோஸ் நன்கு அறியும். தனிப்பணியோ மென்பொருள் எழுதியவர் தாமே எழுதிய நிரல். அதற்குள் என்ன நடக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியாது. வெற்றியா தோல்வியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளும். தோல்வி என்று பதில் வந்தால், பெரும்பாலும் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப எடுத்துவிடும். 1603 என்னும் எண் பல வேளைகளில் இப்படித்தான் பிறக்கிறது.

தனிப்பணி தவறும் வழிகளுள் மூன்றை அறிந்துகொள்வது நல்லது.

முதல் வழி, அகலம் மாறிப் பார்ப்பது. 64 பிட் தொகுப்பு ஒன்றில் தனிப்பணியைச் சிறு கட்டளைத் தொடராக எழுதியிருப்பார்கள். அது 64 பிட் என்று தனியாகக் குறித்தால்தான் 64 பிட்டாக ஓடும். குறிக்க மறந்தால் 32 பிட்டாகவே ஓடும். பிறகென்ன? பதிவேட்டைக் கேட்கும், விண்டோஸ் அதை மற்றப் பதிவேட்டுக்குத் திருப்பிவிடும். இருக்கும் பொருளை ‘இல்லை’ என்று சொல்லி அது தோற்றுவிடும். முன்பே சொன்ன கிராணியின் கதைதான்.

இரண்டாவது வழி, ஆள் மாறுவது. சில தனிப்பணிகள் நம் பெயரில் ஓடும். கணினி முழுவதையும் மாற்றும் சில பணிகளோ தள்ளிவைக்கப்பட்டு, பிறகு கணினியின் சொந்த அதிகாரத்தில் ஓடும். துரையின் சாவிக் கொத்து அதனிடம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு அலமாரி அதற்குத் தெரியாது. நாம் நம் பெயரில் இணைத்துவைத்த பிணையத் தட்டு அதன் கண்ணுக்குப் படாது. நிறுவும் கோப்பைப் பள்ளியின் பொதுத் தட்டிலிருந்து ஓட்டினால் தோற்று, கணினிக்குள்ளேயே நகல் எடுத்து ஓட்டினால் வெற்றி பெறுவது சில வேளைகளில் இதனால்தான்.

மூன்றாவது வழி, தொகுப்பே பொருந்தாமல் போவது. 32 பிட் விண்டோஸில் 64 பிட் தொகுப்பை ஏற்றினால், ‘இந்தச் சில்லு வகைக்கு இது ஏற்றதன்று’ என்ற பொருளில் 1633 என்னும் எண் வரும். இது நேர்மையான பிழை. காரணத்தை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. ஏற்ற பதிப்பைத் தேடிக்கொண்டால் போதும்.

1633 தெளிவாகப் பேசுகிறது. 1603 அப்படிப் பேசுவதில்லை. ‘தோற்றுவிட்டது’ என்பதைத் தவிர வேறொன்றும் அது சொல்லாது. அப்படியானால் காரணத்தை எங்கே தேடுவது? விண்டோஸ் இன்ஸ்டாலர் கேட்டால் ஒரு தினக்குறிப்பு எழுதித் தரும். அதை வாங்கும் முறையைச் சொல்கிறேன். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும். எம்.எஸ்.ஐ. என்று பெயர் முடியும் கோப்புகளுக்கு இது பொருந்தும். கட்டளைச் சாளரத்தில் எம், எஸ், ஐ, இ, எக்ஸ், இ, சி என்று சேர்த்து எழுதுங்கள். இடம் விட்டு ஒரு சாய்கோடும் ஐ-யும். இடம் விட்டு நிறுவும் கோப்பின் பெயர். இடம் விட்டு ஒரு சாய்கோடு, எல், நட்சத்திரக் குறி, வி. மீண்டும் இடம் விட்டு, குறிப்புக்கு நீங்கள் வைக்கும் பெயர். அவ்வளவே.

குறிப்பு நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். முழுவதையும் படிக்க வேண்டாம். கடைசி வரியிலிருந்தும் தொடங்க வேண்டாம். கடைசியில் இருப்பது திரும்ப எடுத்த கதை. ஆங்கிலப் பதிப்பு விண்டோஸாக இருந்தால் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஏதோ ஒரு பணி தோற்றிருக்கும். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் அந்தப் பணியின் பெயரும், அது எதைத் தேடித் தவித்தது என்பதும் இருக்கக்கூடும். அந்தச் சில வரிகளை நகல் எடுத்துக் கடைக்காரரிடமோ மென்பொருள் எழுதியவரிடமோ கொடுங்கள். ‘ஏறவில்லை ஐயா’ என்று சொல்வதற்கும் ‘இந்தப் பணி இந்த இடத்தில் தோற்றது’ என்று காட்டுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பால் ஸ்டோரில் எடை குறைந்தால், நம் கையில் உள்ள செக்ரோல் குறிப்பைக் காட்டிப் பேசுவது போன்றது அது.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழைக் கணினியில் எழுத உதவும் ‘முரசு’ மென்பொருளை 1980-களின் நடுப்பகுதியில் உருவாக்கத் தொடங்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். பின்னர் தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் பல தமிழ் விசைப்பலகை மென்பொருள்கள் பிறந்தன. விசைப்பலகை மென்பொருள்களுள் ஒருவகை, நாம் எழுதும் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் ஒரு துணைக்கோப்பாக நுழைந்து வேலை செய்யும். 32 பிட் கோப்பு 64 பிட் மென்பொருளுக்குள் நுழையாது என்று முன்பே கண்டோம். ஆகவே 64 பிட் விண்டோஸில் இரண்டு அகலத்திலும் துணைக்கோப்பு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால், ஒரு சாளரத்தில் தமிழ் வரும்; மறு சாளரத்தில் வராது. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு களஞ்சியங்களில் ஒன்று காலியாக இருந்திருக்கலாம்.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட்டிலும் கிடைத்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. இதற்கிடையே ஆர்ம் என்னும் வேறு குலத்துச் சில்லுகளும் விண்டோஸ் கணினிகளுக்குள் வந்துவிட்டன. பழைய மென்பொருள்களை அவை மொழிபெயர்த்து ஓட்டுகின்றன. கருவிகளை இயக்கும் அடித்தள நிரல்கள் மட்டும் அவற்றுக்கென்றே எழுதப்பட வேண்டும். இரண்டு குடும்பம் இருந்த வீட்டில் மூன்றாவது குடும்பமும் வந்திருக்கிறது. புதிய கணினி வாங்கும்போதும், மென்பொருளை இறக்கும்போதும், ‘இது எந்தச் சில்லுக்கு, எத்தனை பிட்டுக்கு?’ என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள். அமைப்புகள் பகுதியில் கணினியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் ஒரே வரியில் விடை இருக்கும்.

அடுத்த முறை பச்சைக் கோடு திரும்பி ஓடினால் செய்ய வேண்டியவை நான்கு. பாடக் குறிப்புகளையும் படங்களையும் முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் அகலத்தைப் பாருங்கள். கோப்பைக் கணினிக்குள்ளேயே வைத்து மீண்டும் ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தினக்குறிப்பைக் கேளுங்கள். எல்லாவற்றையும் அழிக்கலாம் என்று யாராவது சொன்னால், ‘எந்தப் பணி தோற்றது?’ என்று மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள். பூதக்கண்ணாடியில் கண் பதித்துத் தங்கக் கம்பி கட்டிய பெண்கள், அறுந்த இழை எது என்று பார்த்தார்கள். அதற்காகத் தட்டு முழுவதையும் குப்பையில் கொட்டவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்பது முறைதான்.